தூக்கும் இடத்து வெளிச்சம்

அசையாமல் நிற்க வேண்டும், வேலை அவ்வளவுதான். கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கும். மேடைக்கு நட்டநடுவில் வெள்ளை டேப்பால் ஒட்டிய பெருக்கல் குறி மேல் தில்லைநாயகி நின்றாள். எதிரே ஏணி உச்சியில் லைட்காரர் எத்திராஜ் உட்கார்ந்து ஒரு விளக்கின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "மேடம், அப்படியே, அப்படியே, முகத்தை மட்டும் லேசா தூக்குங்க" என்றார். தூக்கினாள். காலையிலிருந்து இதே கூத்துதான். அவர் ஒரு விளக்கை முடித்து ஏணியைத் தள்ளிப் போட்டு அடுத்த விளக்குக்கு ஏறுவார், இவள் ஒரு குறியிலிருந்து இன்னொரு குறிக்கு நகர்ந்து கடை பொம்மை மாதிரி நிற்பாள். பாண்டிச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற இந்தப் பழைய அரங்கத்தில் ஏசியைச் சாயங்காலம் ஜனம் வந்த பிறகுதான் போடுவார்களாம். ஆடுகிறவளுக்கு எதற்கு ஏசி, வியர்க்கட்டுமே! வியர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்புத் துணியில் போய்ச் சேர்ந்தது, துடைக்கக் கை போகவில்லை, போனால் நிழல் மாறிவிடும். சாயங்காலம் நிகழ்ச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். அதைப் பற்றி நினைக்கவே கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானம் பண்ணியிருந்தாள். தீர்மானம் பண்ணிவிட்டால் மனசு கேட்டுவிடுமா? சும்மா நிற்கிற உடம்புக்குள் மனசு மட்டும் ஆட ஆரம்பித்துவிடுகிறது. நேற்று சாயங்காலம் ஒத்திகையில் கூட ஆடுகிற அந்துவான் அவளைத் தூக்கியபோது அவன் வாயிலிருந்து வந்த அந்த 'ஹும்' மறுபடி காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது ஒன்றும் பெரிய சத்தமில்லை. தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றுகிறவர் விடுவாரே, அந்த மாதிரி ஒரு மூச்சு. ஆனால் கேனுக்குக் காது கிடையாது, இவளுக்கு இருக்கிறதே! அந்துவான் பின்னாலிருந்து அவள் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து, "ஹோப்!" என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் கிளம்ப வேண்டும், அவன் ஏற்ற வேண்டும், அவள் அவன் தலைக்கு மேலே போய் நீண்டு நிற்க வேண்டும். போனாள், பாதி தூரம். அங்கே போனதும் இந்தக் கால் இருக்கிறதே, சின்ன வயசிலிருந்து ஒரே பாடத்தைப் படித்த கால், அது அந்தரத்தில் அரைமண்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, பாதி உட்கார்ந்து பாதி நின்று, தரையே இல்லாத இடத்தில் தரையைத் தட்டத் தயாராக! உலகத்தில் வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. பாலே ஆடுகிற பெண் பயந்தால் விறைத்துப்போவாள், வீட்டுப் பெண் பயந்தால் கத்துவாள், பரதநாட்டியக்காரி பயந்தால் அரைமண்டி உட்காருவாள். உட்கார்ந்ததும் கல்லாய்க் கனத்திருக்க வேண்டும். 'ஹும்' என்றான், இறக்கிவிட்டான். "அக்கா, வெயிட்டு பிரச்சனையே இல்ல. நீங்க மேல வந்து உக்காந்துட்டீங்க, அதான்" என்றான். "சரிப்பா, சரிப்பா" என்றாள். நம்பவில்லை. வெயிட்டு பிரச்சனையில்லை என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் வெயிட்டுதான் பிரச்சனை என்பது எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், திரும்பத் திரும்ப உட்கார்ந்தாள், அவன் திரும்பத் திரும்ப 'ஹும்' என்றான். கடைசியில் அவளே சொன்னாள்: "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரலைன்னா அதை வெட்டிடலாம்." அந்துவான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு அக்கா?" என்றான். பயல் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சலாக இருந்தது.

"மேடம், ஒரு அடி பின்னால." போனாள். வெளிச்சம் நெற்றியிலிருந்து வழுக்கி மூக்குக்கு வந்தது. என்ன இருக்கு? எல்லாம் இருக்கிறது. மேகத்துக்கும் தரைக்கும் நடுவில் நடக்கிற கதை, 'நீராவி' என்று பெயர். அவன் மேகம், இவள் தரை. மேகம் கீழே வருவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அதற்குப் பெயர் மழை, அதை ஆடாத ஆளே கிடையாது. தரை கிளம்பி மேலே போகிறதே, வெயிலில் ஈரம் ஆவியாகி யார் கண்ணுக்கும் தெரியாமல் மேலே ஏறுகிறதே, அதை யார் ஆடினார்கள்? அதைத்தான் ஆடப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கே அவளுக்குத் தெரியும், இது நிலைத்து நிற்கும் என்று. இன்றைக்கும் அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. போன வருஷம் சென்னையில் வேறொரு நிகழ்ச்சி பண்ணினாள், பரதம் ஒரு பக்கம், பாலே ஒரு பக்கம், நடுவில் கொஞ்சம் தரையில் புரண்டு மாடர்ன் டான்ஸ். யாரோ ஒருவர் பத்திரிகையில் 'அவியல்' என்று எழுதிவிட்டார். அவளுக்குக் கோபம் வந்தது, அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவியலில் கூட காய் எல்லாம் ஒரே தேங்காயில் சேர்ந்துதான் வேகிறது, நாம் பண்ணியது அதுகூட இல்லை, ஒரே தட்டில் இட்லியும் பக்கத்தில் பாஸ்தாவும் வைத்த மாதிரிதான் இருந்தது என்று தோன்றியது. இந்தத் தடவை அப்படி இல்லை. இந்தத் தடவை மூன்றும் ஒரே உடம்பில் ஓட வேண்டும், அவள் தரையிலிருந்து அவன் கைக்குப் போகிற அந்த ஒரு நொடியில். அந்த நொடி இல்லையென்றால் மறுபடி இட்லி, பாஸ்தா. மாடர்ன் டான்ஸ் சொல்லிக்கொடுத்த அந்தப் பெங்களூர்ப் பெண் விழுவது எப்படி என்று ஒரு கோடை முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள், இடுப்பை விடு, தோளை விடு, மூச்சை விடு, தரை வாங்கிக்கொள்ளும் என்று. தில்லைக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. வராமல்? தரை அவளுக்குப் பழகிய இடம். தட்டுவாள், உட்காருவாள், விழச் சொன்னால் விழுவாள், ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், உன்னை மிதிக்கப்போகிறேன், மன்னித்துவிடம்மா என்று. மேலே மட்டும் அவளுக்கு யாரையும் தெரியாது.

அந்துவான் பக்கத்துத் திரை ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். பாண்டிச்சேரிப் பிள்ளைதான். பள்ளிக்கூட வயதிலேயே அப்பா அம்மாவோடு பிரான்சுக்குப் போய் லியோனில் பாலே படித்து, அங்கேயே ஆடி, இப்போது திரும்பி வந்திருக்கிறான். தமிழ் மட்டும் போகும்போது கொண்டுபோன அளவிலேயே திரும்பி வந்திருந்தது, வளரவே இல்லை, "அக்கா, எனக்கு உச்சா வருது" என்று இத்தனை பெரிய ஆள் சொன்னதைக் கேட்டு முதல் நாள் அவள் சிரித்த சிரிப்பில் ஒத்திகையே நின்றுபோனது. நல்ல பையன். ஆனால் பிடிவாதம்! மூன்று மாதமாக இருவருக்கும் ஒரே சண்டை, சத்தத்தைப் பற்றி. அவன் எவ்வளவு உயரம் குதித்தாலும் பூனை இறங்குகிற மாதிரி இறங்குவான், காலடி கேட்டால் அவன் பள்ளிக்கூடத்தில் அடி விழுமாம். இவள் பள்ளிக்கூடத்தில் காலடி கேட்காவிட்டால் அடி. "மேகத்துலேர்ந்து எறங்கும்போது சத்தமே வரக்கூடாது அக்கா" என்பான். "மேகத்துலேர்ந்து எறங்கறவ தரைப்பா, அவ சத்தம் போடத்தான் போடுவா" என்பாள் இவள். அதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை, ஏறினால்தானே இறங்குவதைப் பற்றிப் பேச! எத்திராஜ் விளக்குக்கு முன்னால் ஊதா ஜெலட்டின் பேப்பரைச் சொருகினார், அவள் கைகள் ஊதாவாகின, வயிறு ஊதாவாகியது. வயிறு. இழுத்துப் பிடித்தாள். யார் பார்க்கிறார்கள், ஏணியில் இருக்கிற மனுஷன் விளக்கைப் பார்க்கிறார், அந்துவான் பழத்தைப் பார்க்கிறான், இருந்தாலும் பிடித்தாள், அது தானாக நடக்கிற காரியம், கலியபெருமாள் மாமா பெயரைக் கேட்டாலே நடக்கிற காரியம். மாமா இன்றைக்கு வருகிறார். நெய்வேலியிலிருந்து வேன் பிடித்து, அத்தை, அத்தையின் தங்கைகள், எதிர் வீட்டுக்காரர்கள் என்று ஒரு பட்டாளத்தோடு வருகிறார். காலையில் போன் பண்ணி, "தில்லை, முன்னாடி ஸீட்டாப் போடச் சொல்லும்மா, எனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். கண் சரியில்லையாம். அன்றைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு என்பது ஆறாம் வகுப்பு ஆண்டு விழா. நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளிக்கூட மைதானம், பந்தல், மைக்செட். கடைசி ஆட்டத்தின் முடிவில் இரண்டு பையன்கள் கையைக் கோத்துப் பிடிக்க, பாரத மாதா அதில் ஏறி நின்று கொடியைப் பிடிக்க வேண்டும். பாரத மாதா இவள்தான், நன்றாக ஆடுகிறவள் இவள்தானே. ஒத்திகையில் பெஞ்சு வைத்து ஏற்றினார்கள், அன்றைக்குப் பெஞ்சைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பையன்கள் தூக்கினார்கள், பாதியில் நின்றார்கள், முகம் சிவந்து கைகள் நடுங்கின, அவள் அங்கேயே அந்தரத்தில் கொடியோடு நின்றாள், கீழேயும் இல்லை மேலேயும் இல்லை. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து மாமாவின் குரல்: "டேய், சுரங்கத்துலேர்ந்து மெஷினக் கொண்டாங்கடா!" மைதானம் முழுக்கச் சிரித்தது. அந்த ஊரில் மெஷின் என்றால் எது என்று குழந்தைக்கும் தெரியும், மலை மாதிரி சக்கரம் சுற்றி மண்ணை வாரி வாரிப் போடுகிற மெஷின். அப்பாவே சிரித்தார். அவருக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, பாவம், மச்சான் ஆயிற்றே. அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, மாமாவுக்கு ஞாபகம்கூட இருக்காது, கல்யாணத்துக்குக் கல்யாணம் அவளைக் கூட்டத்தில் இழுத்து நிறுத்தி 'எங்க தில்லை' என்று பெருமையடிக்கிற மனுஷன். ஆனால் அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தரை போதும் என்று. தட்டுவதற்கு யாரும் யாரையும் தூக்க வேண்டியதில்லை. அப்படித் தட்டினாள், அவள் தட்டினால் கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான், அது அவளுக்கே தெரியும், அதில் அடக்கம் எல்லாம் அவளுக்குக் கிடையாது. வேண்டாத ஒன்றிலிருந்து தப்பிக்கப் போய்த்தான் இவ்வளவு பெரிய ஆட்டக்காரி ஆனாளோ என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்து, ஆனால் என்ன, ஆனேன் இல்லையா என்று விட்டுவிட்டாள். இப்போது இந்த வயசில், தரை மேலே போகிறது என்று அவளே கதை எழுதி, அவளே மாட்டிக்கொண்டு, அதைப் பார்க்க அதே மாமா வேன் பிடித்து வருகிறார். வாயைத் திறக்க மாட்டார், வயசாகிவிட்டது. திறந்தால்? அந்துவான் 'ஹும்' என்று சொல்கிற நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால்? வெட்டிவிடலாம். அந்த இடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை மேலே தூக்கினால் போதும், வெளிச்சத்தை எத்திராஜ் பார்த்துக்கொள்வார், யாருக்கும் தெரியப்போவதில்லை. இட்லி, பாஸ்தா. சீ!

கெண்டைக்கால் மரத்துப்போயிருந்தது. எவ்வளவு நேரம்தான் ஒருத்தி கம்பம் மாதிரி நிற்பாள்? ஏணி சரியாக நிற்கவில்லை என்று எத்திராஜ் இறங்கிக் காலுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கில் தில்லை அரைமண்டி உட்கார்ந்து, நுனிக்காலில் எழும்பி, குதிகாலை இறக்கினாள், மறுபடி எழும்பி, மறுபடி இறக்கினாள், ரத்தம் ஓடட்டும் என்று. வாய் தானாக முணுமுணுத்தது: தெய் ஹத் தெய் ஹி. தெய்யில் நுனிக்கால், ஹத்தில் குதிகால். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அடவு. வீட்டில் குக்கர் விசில் வருகிற வரைக்கும் அடுப்படியில் நின்று இதைத்தான் போடுவாள், கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படி ஏறி வந்து சண்டை போட்டிருக்கிறாள். தெய் என்ற சொல்லை யார் எங்கே சொன்னாலும் அவள் குதிகால் தரையை விட்டுவிடும், அதற்கு அவள் அனுமதி தேவையில்லை. தெய் ஹத் தெய் ஹி. அந்துவானும் எப்போதோ சொன்னானே, நாங்களும் உட்கார்ந்துதான் எழுவோம் அக்கா, உட்காராமல் யாரும் குதிக்க முடியாது என்று. அப்படியானால் உட்காருவதில் என்ன தப்பு? தெய் ஹத் தெய் ஹி. உட்கார்ந்தே இருந்ததுதானே தப்பு. அவன் 'ஹோப்' என்கிறான், ஹோப் என்றால் இந்தக் காலுக்கு என்ன தெரியும், யாரோ என்னவோ பண்ணப்போகிறான் என்று தெரியும், உடனே பயந்து உட்கார்ந்துகொள்கிறது. பாரத மாதாவைத் தூக்குங்கடா என்று சொன்ன மாதிரி. தெய் ஹத். எத்திராஜ் மறுபடி மேலே போய்விட்டார். "மேடம், அந்தத் தூக்குற எடம் இருக்குல்ல, அதுக்கு மேலேருந்து ஒரு லைட்டு வைக்கணும். சும்மா ஒரு வாட்டி தூக்கிக் காட்டச் சொல்லுங்க, தலை எங்க வருதுன்னு பாத்துக்கறேன்" என்றார். "அந்துவான்" என்று கூப்பிட்டாள். தோலை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பாட்டு இல்லை, மாமா இல்லை, தரை இல்லை, மேகம் இல்லை, ஒரு தலை எங்கே வருகிறது என்று ஒரு மனுஷருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவன் கைகள் இடுப்பில் வந்து பிடித்ததை அவள் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை, வாய் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, அவன் ஹோப் சொல்ல மூச்சை இழுப்பதற்குள் அவள் தெய் என்றாள்.

குதிகால் தரையை விட்டது. வழக்கமாக ஹத் வர வேண்டிய இடத்தில் ஹத் வரவில்லை. அவள் போய்க்கொண்டே இருந்தாள். கீழே எங்கேயோ 'ஹும்' என்று கேட்டது, அதே நொடியில் தன் வாயிலிருந்தும் அதே மாதிரி ஒரு 'ஹும்' வந்ததை அவள் கேட்டாள், அட, மூச்சு! வெறும் மூச்சு! முழங்கால் விரிந்தது, உட்காரவில்லை, நீண்டது, கட்டைவிரல் வரைக்கும் நீண்டது, கால் என்று ஒன்று இவ்வளவு நீளமாகத் தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. எத்திராஜின் முகம் அவளுக்கு எதிரே வந்தது, ஏறக்குறைய அவள் உயரத்தில், வாயில் ஸ்குருடிரைவரைக் கடித்தபடி. விளக்குகள் மாட்டிய பக்கத்துக் குழாயில் எப்போதோ பூஜைக்குச் சுற்றிய கதம்பம் காய்ந்து நாராகத் தொங்கியது. விளக்குகளின் முதுகெல்லாம் தூசி. மேலே இவ்வளவுதான் இருக்கிறதா, ஒரு மனுஷன், ஒரு பூச்சரம், கொஞ்சம் தூசி! இதற்கா இத்தனை வருஷம் பயந்தாள்? சந்தோஷமாக இருந்தது, சின்னப்பிள்ளை மாதிரி வெட்கமில்லாத சந்தோஷம். "அப்படியே இருங்க மேடம்" என்றார் எத்திராஜ் கடித்த பல்லுக்கு நடுவே, அவசரப்படாமல் விளக்கைத் திருப்பினார், மனுஷனுக்கு எப்போதும் அவசரமே கிடையாது, இப்போது அது நன்றாக இருந்தது. வெளிச்சம் சூடாக உச்சந்தலையில் விழுந்தது. அந்துவானின் கைகள் நடுங்கவில்லை. அவள் குதிகால்கள் மட்டும் ஒரு பாக்கியை ஞாபகம் வைத்துக்கொண்டு காத்திருந்தன. "போதும், எறக்கலாம்." அவன் தன் பள்ளிக்கூடத்து வழக்கப்படி, முட்டைக்கூடையை இறக்குகிற மாதிரி, மெல்ல மெல்ல இறக்கினான், நுனிக்கால் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது, அவன் கையை எடுத்தான். அப்போது குதிகால் இரண்டும் வந்தன. ஹத்! காலி நாற்காலி வரிசையெல்லாம் தாண்டிப் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

எத்திராஜ் ஸ்குருடிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.

"மேடம்," என்றார் எத்திராஜ், "எறங்கறப்ப சத்தம் வருதே. சாயங்காலமும் வருமா? வந்தா சரியா அந்தச் சத்தத்துல லைட்டை வெட்டிடறேன்."

தில்லை அந்துவானைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாதச் சண்டைக்காரன். அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வரும்ண்ணா" என்று அவனே சொன்னான். அப்புறம் அவளிடம், "ஏறுறது என்னோடது, எறங்கறது உங்களோடது. சரியா அக்கா?"

"ஏறுறதும் என்னோடதுதான்ப்பா. நீ கூட வந்த, அவ்வளவுதான்" என்றாள். அவன் சிரித்தான், அவள் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வாசலில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஆள் வந்து நின்றான், சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்தது. "அப்ப வெட்டலையே?" என்றான் அந்துவான்.

"எதை வெட்டறது? போய் மூணாவது வரிசையில மாமாவுக்கு ஸீட்டுப் போடச் சொல்லு. நடு ஸீட்டு. அவருக்குக் கண்ணு சரியில்லையாம், நல்லாத் தெரியணும்."

"சாப்புட்டுப் போறேன் அக்கா."

"சாப்பாடு எங்கயும் ஓடிடாது. இன்னொரு வாட்டி பாத்துரலாம், வா. ஆனா இந்த ஹோப்பு கீப்பு எல்லாம் வேணாம். நான் சொல்லுவேன், நீ தூக்கு."

எத்திராஜ் ஸ்குருடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்துவான் பின்னால் வந்து நின்றான். வெள்ளைப் பெருக்கல் குறி மேல் தில்லைநாயகி அரைமண்டி உட்கார்ந்து, வயிற்றை இழுத்துப் பிடிக்காமல் நன்றாக மூச்சை விட்டு, அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி தெய் என்றாள்.